பேர் மட்டும் போதுமா?

(மதுரை திருநகரில் நடந்த வாசகர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



கவிதை வாசிக்கக் கூப்பிட்டீங்க. கவிதை கொண்டுவரலை. மூணு வருஷமா நான் போய்க்கொண்டிருக்கிற ஒரு கூட்டத்தைப் பற்றிச் சொல்லலாம்னு வந்திருக்கேன். அங்கே மேடை கிடையாது, மைக் கிடையாது, தீர்மானம் கிடையாது. பத்துப் பன்னிரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு ஃப்ளாஸ்க் டீ, அவ்வளவுதான். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்று பெயர்.

ஆமாம், நான் குடிநோயாளி. இதை இந்த அவையில் சொல்வது எனக்குச் சுலபமில்லை. ஆதிக்கசாதிக்காரன் குடித்தால் அவன் ஒருத்தன் குடிகாரன். நாம குடித்தால் நம்ம சேரியே குடிகாரச் சேரி. ஒரு தடவை காய்ச்சலில் ரெண்டு நாள் லீவு போட்டுவிட்டு வங்கிக்குப் போனேன். "அவங்க ஆளுங்க அப்படித்தான்" என்று முதுகுக்குப் பின்னால் ஒரு குரல். அன்றைக்கு அது பொய். ஆனால் அதற்கு முந்தின மாசம் நான் போட்ட லீவு குடியால்தான். அந்தப் பழியைப் பொய்யாக்குவதற்காகவே என் குடியை மறைத்தேன். மறைக்க மறைக்க அது வளர்ந்தது.

இயக்கத்தில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். நாம இங்கே என்ன பேசுகிறோம்? 1983இல் மதுவின் மொத்த வியாபாரத்துக்கென்று தொடங்கிய டாஸ்மாக், 2003இல் சில்லறை விற்பனையையும் தன் கையில் எடுத்துக்கொண்டதைப் பேசுகிறோம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயத்துக்கு 60க்கும் மேற்பட்டவர்கள் செத்ததைப் பேசுகிறோம். பேசியே ஆகணும். 1956 அக்டோபர் 14இல் நாக்பூரில் பாபாசாகேப் மக்களை ஏற்கவைத்த 22 உறுதிமொழிகளில் குடிக்க மாட்டேன் என்பதும் ஒன்று. அதையும் சொல்கிறோம். ஆனால் ராத்திரி எட்டு மணிக்குப் பெரியார் பஸ் நிலையத்தில் கை நடுங்க நிற்கிறவன் எங்கே போவான்? கடையை மூடச் சொல்லும் கோரிக்கை அந்த ராத்திரிக்குள் நிறைவேறாது. உறுதிமொழியை நானும் எடுத்தேன். எத்தனை தடவை மீறினேன் என்று எண்ணவில்லை.

முதலில் ஆஸ்பத்திரிக்குத்தான் போனேன். நீங்களும் யாரையாவது கூட்டிப்போவதென்றால் அங்கேதான் போகணும். தினமும் நிறையக் குடிக்கிறவர் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், புத்தி தடுமாறலாம், உயிரே போகலாம். வைராக்கியத்தை நம்பி வீட்டில் படுத்துக் கிடக்கக் கூடாது. 14446 என்ற கட்டணமில்லாத தொலைபேசி எண்ணில் விசாரிக்கலாம். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்தான் ஒரு துண்டுச் சீட்டு எழுதித் தந்தார். கிழமை, நேரம், ஒரு தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கிற அறை.

ரெண்டு வாரம் கேட்டு வரைக்கும் போய்த் திரும்பினேன். மூணாவது வாரம் உள்ளே போனேன். "வாங்க தம்பி, பேர் மட்டும் போதும்" என்றார் ஒருத்தர். எந்தூரு, எந்தத் தெரு, யாரு வீட்டுப் பிள்ளை என்று கேட்கவில்லை. மதுரையில் அப்படிக் கேட்காத ஓர் அறைக்குள் அன்றைக்குத்தான் முதன்முதலாக உட்கார்ந்தேன்.

1935இல் அமெரிக்காவின் ஆக்ரான் நகரில், குடிநோயாளிகளான ஒரு பங்குத் தரகரும் ஓர் அறுவை மருத்துவரும் சந்தித்துப் பேசியதில் தொடங்கியது இது. கட்டணம் இல்லை. குடியை விடணும் என்கிற விருப்பம் ஒன்றே தகுதி. குடிக்கிறவரின் வீட்டாருக்கு அல்-அனான் என்று தனிக் கூட்டமும் உண்டு.

அவர்கள் சொல்லும் 12 படிகளில் முதல் படியே எனக்கு இடித்தது. மதுவின் முன் நாம் சக்தியற்றவர்கள் என்று ஒப்புக்கொள்ளணும். காலங்காலமாக நம்மைச் சக்தியற்றவர் என்றார்கள், இல்லை என்று நிமிர்ந்தோம், மறுபடியுமா? யோசித்தேன். சாதியின் முன்னால் அல்ல, பாட்டிலின் முன்னால். அது உண்மைதான். கடவுள் என்ற சொல்லும் வரும். அவரவர் புரிதல்படி என்று விட்டுவிடுகிறார்கள். என் புரிதலில் அது அந்தப் பத்து நாற்காலி.

ஆனால் ஒன்று தொண்டையில் நிற்கிறது. எங்கப்பா எழவு வீடுகளுக்குப் பறையடிக்கப் போவார். கூலியில் பாதியைச் சாராயமாக ஊற்றுவார்கள். குடிக்காமல் எப்படி அடிப்பான் என்பார்கள். மறுநாள் அதே வாய்தான் குடிகாரன் என்று ஏசும். என் குடியின் கதை அங்கே தொடங்குகிறது. அந்த அறையில் இதை நான் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் என் பேரோடு தெருவும் தெரிந்துபோகும். எழுந்து போகமாட்டார்கள் என்று நம்புகிறேன், ஆனால் நிச்சயமில்லை.

அங்கே என் குடியைக் கேட்கிறார்கள், என் சாதியைச் சொல்ல முடியலை. இங்கே என் சாதியைக் கேட்கிறீர்கள், என் குடியைச் சொல்ல இத்தனை வருஷமாச்சு. ரெண்டையும் சேர்த்துச் சொல்ல ஓரிடம் வேணும் தோழர்களே. இல்லாவிட்டால் நம்ம ஆட்கள் ரெண்டு இடத்திலும் பாதி பேசிவிட்டு, மீதியைக் கடையில் போய்க் குடிப்பார்கள்.

அவர்களிடம் ஒரு விதி இருக்கு. குடியை விடணும் என்று ரெண்டு மூணு குடிநோயாளிகள் சேர்ந்து உட்கார்ந்தாலே அது ஒரு குழு. அனுமதி வாங்க வேண்டியதில்லை. நம்ம காலனிப் படிப்பகம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பூட்டித்தான் கிடக்கு. செயலாளரிடம் சாவி கேட்டு வாங்கிவிட்டேன். வர்ற ஞாயிறு ஆறு மணிக்கு நான் உள்ளே உட்கார்ந்திருப்பேன். இன்னும் ஒருத்தர் வந்தால் போதும். அவருக்கு இதைச் சொல்லி அனுப்புங்க.