மலையைத் தாண்டிய தண்ணீர்

(சங்கரன்கோவிலில் தோழர்கள் கூட்டிய கருத்தரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)



பழைய அணைகளின் பாரம்பரியம் பற்றிப் பேசணும்னு கூப்பிட்டிருக்கீங்க. நான் பொறியாளன் இல்லை. பாங்கில் கிளார்க். கொஞ்சம் கவிதை எழுதுவேன். அணையைப் பற்றி நான் தெரிஞ்சுக்கிட்டது ரெண்டு இடத்தில். ஒன்று எங்க ஆச்சியிடம். இன்னொன்று நான் உட்கார்ந்திருக்கிற கவுண்டரில்.

இந்த வட்டாரத்தில் அணை என்றாலே செண்பகவல்லிதான் ஞாபகத்துக்கு வரும். வாசுதேவநல்லூருக்கு மேலே மலையில் இருக்கிற பழைய தடுப்பணை. மேற்கே ஓடிவிடுகிற தண்ணீரைக் கிழக்கே திருப்பி நம்ம கரிசல் காட்டுக் குளங்களுக்குக் கொண்டுவந்த ஏற்பாடு அது. 1960-களில் வெள்ளத்தில் உடைந்தது. அணை கேரள எல்லைக்குள் இருப்பதால் செப்பனிடும் செலவில் பாதியை 1980-களில் தமிழ்நாடு அந்த அரசிடம் கட்டியது. வேலை நடக்கவில்லை. செண்பகவல்லியைச் செப்பனிடு என்று எழுப்புகிற குரல் நியாயமானது. அதில் நம்ம தோழர்கள் குரலும் இருக்கு. நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

ஆனா ஒரு கேள்வியைக் கேட்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அதைத்தான் இன்றைக்குப் பேச வந்தேன்.

செண்பகவல்லியில் சிறிதாக நடந்த காரியம், இதே மலைத்தொடரில் வடக்கே பெரிதாக நடந்தது. அதுதான் முல்லைப் பெரியாறு. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் சனம் கொத்துக்கொத்தாகச் செத்த பிறகு, 1886-இல் திருவிதாங்கூரோடு 999 வருஷக் குத்தகை ஒப்பந்தம் போட்டார்கள். 8,000 ஏக்கர், ஏக்கருக்கு 5 ரூபாய் வீதம் வருஷத்துக்கு 40,000 ரூபாய். 1887-இல் வேலை தொடங்கியது. சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்ந்த காரைக் கட்டு. மேற்கே போகிற ஆற்றை மறித்து, மலையைக் குடைந்து, சுரங்கம் வழியாகக் கிழக்கே வைகைக்குத் தண்ணீரை இறக்கினார்கள். 1895 அக்டோபர் 10 அன்று சென்னை மாகாண கவர்னர் வென்லாக் திறந்து வைத்தார். மலேரியாவிலும் காலராவிலும் செத்த கூலிகள் பல நூறு பேர். கட்டிய பென்னிகுயிக்குக்கு லோயர் கேம்ப்பில் 2013-இல் மணிமண்டபம் திறந்தார்கள். தேனிப் பக்கம் அவர் பேரில் பொங்கல் வைக்கிறார்கள். வைக்கட்டும். அந்த மனுஷன் செய்தது சாதாரண வேலை இல்லை.

கல்லூரியில் படிக்கும்போது நானும் பென்னிகுயிக் பேரில் ஒரு கவிதை எழுதிப் பரிசு வாங்கினேன். ஆச்சியை உட்கார வைத்து வாசித்துக் காட்டினேன். வெத்தலையை மென்னுக்கிட்டே முழுசும் கேட்டாள். கடைசியில், "நல்லாத்தாம்யா இருக்கு. அந்தத் தண்ணி யாரு வயலுக்குப் போச்சு?" என்றாள்.

எனக்குப் பதில் தெரியவில்லை. பரிசு வாங்கினவனுக்குத் தெரியாதது, பள்ளிக்கூட வாசலை மிதிக்காத ஆச்சிக்கு எப்படித் தெரிந்தது? எங்க தாத்தா ஊர்க் குளத்துக்கு நீர்பாய்ச்சி. எந்த மடையை எப்போ திறக்கணும், எந்த வயலுக்கு எத்தனை நாழிகை விடணும், எல்லாம் அவர் கணக்கு. அடைமழை ராத்திரியில் குளம் உடையப் போகுதுன்னா ஊர்க்காரன் வந்து சேரியில்தான் கதவைத் தட்டுவான். தாத்தா இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு முங்கி மடையைத் திறப்பார். விடிந்த பிறகு அதே குளத்தில் ஊர்க்காரன் குளிக்கிற துறையில் அவர் கால் வைக்கக் கூடாது. கூலியாக அறுப்புக் களத்தில் கொஞ்சம் நெல். அந்தத் தண்ணீர் பாய்ந்த வயலில் ஒரு சென்ட்கூட எங்களுக்குக் கிடையாது. மடைக்குடும்பன், நீர்க்கட்டி, நீர்பாய்ச்சி என்று ஊருக்கு ஊர் பேர் மாறும். நீரை ஆண்டவன் நாம். நிலத்தை ஆண்டவன் வேற.

இப்போ கவுண்டருக்கு வருகிறேன். பயிர்க்கடன் கேட்டு வருகிறவர் சிட்டா, அடங்கல் கொண்டுவரணும். பாசனம் ஆறா, குளமா, கிணறா, மானாவாரியா என்று பார்ப்போம். ஆயக்கட்டில் நிலம் இருந்தா அதுக்கு ஒரு மதிப்பு, இல்லேன்னா வேற மதிப்பு. நூத்துக்கணக்கான வருஷத்து அணை ஒன்று பாங்குக் காகிதத்தில் பணமாக மாறுவதை நான் தினமும் பார்க்கிறேன். நம்ம தெருச் சனமும் வருது. அது வேற கவுண்டருக்கு வருது. கையில் சிட்டா இருக்காது, கைக்குட்டையில் முடிந்த கம்மல் இருக்கும். நகைக் கடன். ஒரே வெயிலில் ஒரே வயலில் நிற்கிற ரெண்டு பேரில் ஒருத்தருக்கு அணை இருக்கு, இன்னொருத்தருக்கு இல்லை. ஆயக்கட்டு என்பது ஆளைக் கணக்கெடுப்பதில்லை, ஏக்கரைக் கணக்கெடுக்கிறது. ஏக்கர் இல்லாதவனுக்கு அணையே இல்லை. ஆச்சி கேட்டது இதைத்தான்.

அப்படின்னா ஏக்கர் ஏன் இல்லாமல் போச்சு? முல்லைப் பெரியாறு அணை எழுந்துகொண்டிருந்த அதே வருஷங்களில், அதே சென்னை மாகாண அரசாங்கம் இன்னொன்றும் செய்தது. செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் பறையர்களின் நிலைமை பற்றி 1891-இல் அறிக்கை கொடுத்தார். நிலம் இல்லாதவரை இவர்களுக்கு விடுதலை இல்லை என்பதுதான் அதன் சாரம். 1892-இல் அரசாணை வந்தது. மாகாணத்தில் சுமார் 12 லட்சம் ஏக்கர் பஞ்சமி நிலம் என்று சொல்கிறோமே, அது இந்த ஆணையில் பிறந்தது. பத்து வருஷத்துக்கு விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் தாழ்த்தப்பட்டவருக்குத் தவிர வேறு யாருக்கும் விற்கக் கூடாது. மீறி வாங்கினால் செல்லாது.

ஒரே அரசாங்கம், ஒரே காலம், ரெண்டு கட்டுமானம். ஒன்று கல்லால் கட்டியது, இன்னொன்று காகிதத்தால் கட்டியது. கல்லில் கசிவு கண்டால் நிபுணர் குழு வருது, உச்சநீதிமன்றம் விசாரிக்குது, 142 அடியா 136 அடியா என்று ரெண்டு மாநிலம் வாதாடுது. காகிதத்தில் விழுந்த ஓட்டை வழியாகப் பஞ்சமி நிலம் பெரும்பகுதி வெளியே போய்விட்டது. அதை அளக்க எந்த நிபுணனும் வரவில்லை.

கேட்டவர்களுக்கு என்ன கிடைத்தது? காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கப் போனவர்கள் மீது செங்கல்பட்டில் துப்பாக்கிச்சூடு. ஜான் தாமஸ், ஏழுமலை ரெண்டு பேரும் செத்தார்கள். தேதி 1994 அக்டோபர் 10. அணை திறந்து சரியாக 99 வருஷம். தேதி ஒத்துப்போனது தற்செயல்தான். ஒன்று மாலையோடு கொண்டாடப்படுகிறது, இன்னொன்றை நம்மைத் தவிர யாரும் நினைப்பதில்லை என்பது தற்செயல் இல்லை.

அந்தப் பெரியாற்றுத் தண்ணீர் பேரணையிலிருந்து கால்வாய் வழியாக மேலூர் வரைக்கும் போகுது. அந்த மேலூர் வட்டாரத்தில்தான் மேலவளவு. 1997 ஜூன் 30-இல் ஊராட்சித் தலைவர் முருகேசனும் தோழர்களும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். தலைவர் நாற்காலி என்றால் கண்மாயும் கண்மாய்க் குத்தகையும் அதில் அடக்கம். மலையைத் தாண்டிய தண்ணீர் ஊருக்கும் சேரிக்கும் நடுவில் இருக்கிற அந்தச் சின்னத் தெருவைத் தாண்டவில்லை.

குடிதண்ணீரிலும் இதே கதைதான். 1927 மார்ச் 20-இல் மகாடு சவுதார் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் தண்ணீர் அள்ளிக் குடித்தார். பொதுக் குளம்தான் என்று உயர்நீதிமன்றத் தீர்ப்பு வாங்க 1937 ஆயிற்று. 2022 டிசம்பரில் வேங்கைவயல் சேரிக்கான மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்தார்கள். 2025-இல் குற்றப்பத்திரிகை வந்தபோது, அந்தத் தண்ணீரைக் குடித்த சேரிக்காரர்கள் மூன்று பேர் பேரே அதில் இருந்தது. தொட்டி கட்டிக் குழாய் போட்டால் தீண்டாமை போய்விடும் என்று இன்னும் நம்புகிறவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

அணை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. செண்பகவல்லியைச் செப்பனிடத்தான் வேண்டும். அதற்கான ஊர்வலத்தில் நாமும் போவோம். ஆனா கொடி பிடிக்கிற கூட்டமாகப் போக வேண்டாம். நம்ம கோரிக்கையை நாமே எழுதி எடுத்துக்கொண்டு போவோம். இந்த வட்டத்தில் பஞ்சமி நிலம் எங்கெங்கே, எத்தனை ஏக்கர், இப்போ யார் கையில்? இதைத் தாலுகா அலுவலகத்தில் கேட்க தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கு. மாணவர்கள் ஊர் ஊராகப் பிரித்துக்கொண்டு மனுப் போடுங்க. சர்வே நம்பர் வந்ததும் என்னிடம் கொண்டுவாங்க. அடங்கல் படிக்கிறது எனக்குத் தினசரி வேலை, உட்கார்ந்து சேர்ந்து படிப்போம். கூடவே வீட்டில் உயிரோடு இருக்கிற நீர்பாய்ச்சித் தாத்தாக்களிடம் போய் எந்தக் குளத்துக்கு எத்தனை மடை, தண்ணீர் எந்த வழியாக வந்தது என்று எழுதி வாங்குங்க. அணையின் பாரம்பரியம் கல்லில் மட்டும் இல்லை, அவர்கள் தலைக்குள்ளும் இருக்கு. அவர்கள் போனா அதுவும் போயிடும்.

ஆச்சி போய் நாலு வருஷம் ஆச்சு. பரிசு வாங்கின அந்தக் கவிதையை நான் எந்தத் தொகுப்பிலும் சேர்க்கவில்லை. அவள் கேட்ட கேள்விக்குச் சர்வே நம்பரோடு பதில் கிடைக்கிற அன்றைக்கு வேற ஒன்று எழுதலாம்.

ஜெய் பீம்.