இசை வகுப்புக்கு எவ்வளவு நேரம்?



ஜொகூர் பாருவில் பிள்ளைகளைத் தனி இசை வகுப்பில் சேர்க்கும் பெற்றோர் சிலர், "ஒரு மணி நேரம் கற்பித்தால்தானே கொடுக்கும் கட்டணத்திற்குத் தகும்?" என வினவுகின்றனர். நேரத்தை முடிவு செய்ய வேண்டியது கட்டணமன்று. பிள்ளையின் வயதும் பாடமுமே.

16ஆம் நூற்றாண்டில் புரந்தரதாசர் வகுத்தளித்ததாகப் போற்றப்படும் சரளி வரிசை, மாயாமாளவகௌளை இராகத்தில், 8 அட்சர ஆதி தாளத்தில் மூன்று காலத்திலும் பாடப்படுவது. 7 வயதுப் பிள்ளை அதனைச் சுருதி பிசகாமல் பயில அரை மணி நேரமே போதும். அதற்குமேல் குரல் களைக்கும், கவனம் சிதறும், நாளடைவில் இசையே கசக்கும். ஏழு தாளங்களுக்குரிய அலங்காரங்களை எட்டியபின் முக்கால் மணி தகும். வர்ணத்தை இரண்டு காலத்தில் பாடும் நிலையில் ஒரு மணி நேரம் பயன் தரும்.

ஆசிரியர் கற்பிப்பது வாரத்தில் ஒருநாள். வீட்டில் நாள்தோறும் 15 நிமிடம் செய்யும் சாதகமே அதனை நெஞ்சில் நிறுத்தும். சாதகம் இல்லாத வீட்டுக்கு நீண்ட வகுப்பு வீண். ஆகவே, ஆசிரியரை அவ்வப்போது கலந்து, வளர்ச்சிக்கேற்ப நேரத்தைக் கூட்டுங்கள்.

அளவறிந்து கற்பிப்போம். நம் பிள்ளைகளின் தேவாரக் குரல் இச்சந்நிதியில் என்றும் ஒலிக்க எல்லாம்வல்ல இறைவன் அருள்புரிவானாக.