காலில் மீண்டும் உறையும் இரத்தம்



கால் வீங்கினால் நம்மவர்கள் முதலில் தேடுவது தைலப் புட்டியைத்தான். சிராங்கூன் சாலையில் தைலத்துக்கும் பஞ்சமில்லை, உருவிவிட ஆளுக்கும் பஞ்சமில்லை. ஆனால் ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி, கெண்டைச்சதை வலித்து, தொட்டால் சூடாகவும் இருக்குமானால் அந்தக் காலை உருவக்கூடாது. ஆழத்திலுள்ள சிரையில் இரத்தம் உறைந்து கட்டியாக நிற்கலாம். அது பெயர்ந்தால் இரத்தத்தோடு ஓடி, இதயத்தின் வலப்பக்கம் வழியாக நுரையீரலுக்குச் சென்று அடைத்துக்கொள்ளும். காலில் தொடங்கிய நோய் உயிருக்கே உலை வைப்பது இப்படித்தான்.

இது வெள்ளைக்காரர்களுக்கு வரும் நோய், ஆசியர்களுக்கு அரிது என்று மருத்துவர்களே ஒரு காலத்தில் எண்ணியதுண்டு. அது சரியல்ல என்று பின்னர் தெரிந்தது. இன்று நான் பேச எடுத்துக்கொண்டது, ஒருமுறை வந்து குணமான பின்னும் இந்நோய் திரும்ப வருகிறவர்களைப் பற்றி.

ஏன் திரும்ப வருகிறது? இரத்த ஓட்டம் தேங்குவது, நாளத்தின் சுவர் பழுதாவது, இரத்தமே எளிதில் உறையும் தன்மை பெறுவது ஆகிய மூன்றும் உறைதலுக்குக் காரணங்கள். முதல் கட்டி கரைந்தாலும், சிரைக்குள் இருக்கும் சிறு தடுக்கிதழ்களைக் கெடுத்துவிட்டுப் போகிறது. அங்கே ஓட்டம் தேங்குகிறது. மறு கட்டிக்கு இடம் தயார்.

மருந்தின் கதை சுவையானது. 1920களில் வட அமெரிக்கப் பண்ணைகளில், பூசணம் பிடித்த தீவனப் புல்லைத் தின்ற மாடுகள் சிறு காயத்திலும் இரத்தம் நிற்காமல் மாண்டன. விஸ்கான்சினில் கார்ல் பால் லிங்க் என்பவரின் ஆய்வுக்கூடம் 1940 வாக்கில் அந்த நஞ்சைக் கண்டறிந்தது. அதன் வழிவந்த வார்ஃபரின் 1948இல் எலி மருந்தாகக் கடைக்கு வந்து, 1954இல் மனிதருக்கான மருந்தாயிற்று. எருமைத் தொழுவம் என்று பொருள்படும் கண்டாங் கெர்பாவ் பக்கத்தில் வாழ்ந்தவர்களுக்கு இந்த மாட்டுக் கதை பிடிக்கும் என்று நினைக்கிறேன். 1960இல் இங்கிலாந்தில் வெளியான ஆய்வொன்றில், நுரையீரல் அடைப்பு கண்டு மருந்து பெறாத 19 பேரில் 5 பேர் அதனாலேயே இறந்தனர். மருந்து பெற்ற 16 பேரில் அவ்வாறு இறந்தவர் ஒருவரும் இல்லை.

இம்மருந்துகள் கட்டியை நேரே கரைப்பதில்லை. அது வளராமல் தடுக்கின்றன. கரைக்கும் வேலையை உடல் பார்த்துக்கொள்கிறது.

வார்ஃபரின் உண்பவர் ஐ.என்.ஆர். என்னும் இரத்தச் சோதனை செய்து, அளவை 2க்கும் 3க்கும் இடையே வைத்திருக்க வேண்டும். குறைந்தால் உறையும், மிகுந்தால் கசியும். தேக்கா சந்தையில் வாங்கும் முருங்கைக்கீரையிலும் பசலையிலும் உள்ள வைட்டமின் கே இம்மருந்தை எதிர்க்கும். அதற்காகக் கீரையை விட்டுவிட வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமை விரதமென்று இரண்டு கீரை, மற்ற ஆறு நாளும் ஒன்றுமில்லை என்ற கணக்குத்தான் கூடாது. சூப்பில் போடும் டாங் குவாய் வேரும், மூட்டு வலிக்குத் தாமாக வாங்கி விழுங்கும் மாத்திரைகளும் இரத்தக் கசிவைக் கூட்டும். மருத்துவரிடம் இவற்றை மறைக்காதீர்கள்.

ரிவராக்ஸபான், அபிக்ஸபான் போன்ற புதிய மாத்திரைகளுக்கு ஐ.என்.ஆர். சோதனை தேவையில்லை, கீரைக் கணக்கும் இல்லை. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று மட்டும் அவ்வப்போது பார்க்க வேண்டும். ஆனால் ஒரு நாள் மறந்தாலே காவல் போய்விடும். எல்லாருக்கும் இவை பொருந்துவதுமில்லை. ஆன்டிபாஸ்போலிப்பிட் நோய் கடுமையாக உள்ளவர்களுக்குப் பழைய வார்ஃபரினே மேல். கருவுற்ற பெண்களுக்கு இரண்டு வகையும் ஆகாது, ஹெப்பாரின் ஊசிதான்.

எத்தனை நாள் மருந்து? இதுதான் எல்லாரும் கேட்கும் கேள்வி. அறுவைச் சிகிச்சை, எலும்பு முறிவு என்று வெளிப்படையான காரணம் இருந்தால் மூன்று மாதம் பெரும்பாலும் போதும். காரணமின்றி வந்தவர்கள் மருந்தை நிறுத்தினால், நூற்றுக்குச் சுமார் 10 பேருக்கு முதல் ஆண்டிலேயும், ஐந்து ஆண்டுகளுக்குள் சுமார் 25 பேருக்கும் அது திரும்பி வருகிறது. இரண்டாம் முறையும் காரணமின்றி வந்துவிட்டால் முடிவு தேதி குறிக்காமல் மருந்தைத் தொடரச் சொல்வதே வழக்கம். 'வாழ்நாள் முழுக்கவா?' என்று மனம் சோர்வது இயல்பு. ஆறு மாதத்துக்குப் பின் சிலருக்கு அளவைப் பாதியாகக் குறைக்க முடியும். அடிக்கடி விழுகிற முதியவருக்கும், குடற்புண்ணில் இரத்தம் கசிந்தவருக்கும் கணக்கு வேறு. ஆகவே ஆண்டுக்கு ஒரு முறையாவது மருத்துவரும் நோயாளியும் உட்கார்ந்து இதைத் திரும்பப் பேச வேண்டும். ஆஸ்பிரின் ஓரளவு தடுக்கும். ஆனால் இவற்றுக்கு ஈடாகாது.

மருந்து உண்ணும்போதே கட்டி வந்தால்? மாத்திரை ஒழுங்காக வயிற்றுக்குள் போனதா என்பது முதல் கேள்வி. ரிவராக்ஸபானின் முழு அளவை வெறும் வயிற்றில் போட்டால் அது சரியாக உடலில் சேராது. பிறகு புற்றுநோய் ஏதும் ஒளிந்திருக்கிறதா என்று தேடுவார்கள். ஊசி மருந்துக்கும் மாற்றுவார்கள்.

வயிற்றின் பெருஞ்சிரையில் வைக்கும் வடிகட்டி, மருந்தே கொடுக்க முடியாதவர்களுக்கு உரியது. தேவை தீர்ந்ததும் எடுத்துவிட வேண்டும். இடுப்பருகே இடக்காலின் சிரை தமனியால் நசுங்கியிருந்தால், அங்கே ஸ்டென்ட் வைப்பதும் உண்டு. இறுக்கமான காலுறை வீக்கத்துக்கு இதம் தரும், அவ்வளவே.

இங்கிருந்து நியூயார்க் வட்டாரத்துக்கு 18 மணி நேரத்துக்கு மேல் நில்லாமல் பறக்கும் விமானங்கள் உண்டு. நான்கு மணி நேரத்தைத் தாண்டும் பயணம் எதுவாயினும், ஏற்கெனவே கட்டி வந்தவர் முன்கூட்டி மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். இருக்கையில் கணுக்காலை அசைத்து, இடையிடையே எழுந்து நடக்கவும் வேண்டும். மாத்திரையைப் பெட்டியில் கட்டி அனுப்பாமல் கைப்பையில் வையுங்கள். மூச்சு திடீரென வாங்கினாலோ, நெஞ்சு குத்தினாலோ, இருமலில் இரத்தம் வந்தாலோ, சிங்கப்பூரில் இருப்பவர்கள் 995ஐ உடனே அழையுங்கள். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.