யார் பேசுவது, யாருக்காக?

(போபால் நச்சுவாயுப் படுகொலை நினைவுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

போபால் என்றதும் 1984 டிசம்பர் 2ஆம் நாள் இரவே நம் நினைவுக்கு வருகிறது. யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து கசிந்த மீத்தைல் ஐசோசயனேட், உறங்கிக்கொண்டிருந்த உழைக்கும் மக்களின் குடிசைகளைச் சூழ்ந்த இரவு அது. அந்த இரவுக்குப் பிறகு நீதிமன்றங்களில் நடந்தவற்றைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். இறந்தவர்களுக்காகவும் உடல் சிதைந்தவர்களுக்காகவும் இழப்பீடு கேட்டு வாதிடும் உரிமை யாருடையது?

முதலில் வந்தவர்கள் அமெரிக்க வழக்கறிஞர்கள். கிடைக்கும் இழப்பீட்டில் ஒரு பங்கையே கட்டணமாகப் பெறுவது அங்குள்ள நடைமுறை. நம் நாட்டில் இந்திய பார் கவுன்சிலின் விதிகள் அதைத் தடை செய்துள்ளன. பிணங்கள் அடக்கமாகி முடிவதற்குள் அதிகாரப் பத்திரங்களில் கையொப்பங்களும் கைரேகைகளும் திரட்டப்பட்டன. டிசம்பர் 7ஆம் நாளே முதல் வழக்கு அமெரிக்க நீதிமன்றத்தில் பதிவாகிவிட்டது.

இந்தச் சூறையாடலிலிருந்து மக்களைக் காப்பதாகக் கூறி, 1985 மார்ச்சில் ஒன்றிய அரசு போபால் இழப்பீட்டுக் கோரிக்கைகளுக்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. அதன் 3ஆம் பிரிவை மொழிபெயர்ப்பவர் ஒரு சொல்லில் தயங்கி நிற்பார். பாதிக்கப்பட்டோரின் ‘சார்பில்’ வழக்காடுவதோடு அரசு நிற்கவில்லை; அவர்களது ‘இடத்தில்’ நின்று செயல்படும் உரிமையையும், அதுவும் தனக்கு மட்டுமேயான உரிமையாக, எடுத்துக்கொண்டது. சார்பில் பேசுபவரை நாம் கேள்வி கேட்கலாம், மாற்றலாம். நம் இடத்தையே எடுத்துக்கொண்டவரை என்ன செய்ய முடியும்? விரும்பினால் சொந்தச் செலவில் ஒரு வழக்கறிஞரை உடன் சேர்த்துக்கொள்ளலாம் என்று 4ஆம் பிரிவு சொல்கிறது. மூச்சு வாங்கி வேலைக்குப் போக இயலாத கூலித் தொழிலாளிக்குச் சட்டம் காட்டிய சலுகை இது!

பெற்றோராகிய அரசு

தம்மைக் காத்துக்கொள்ள இயலாதோருக்கு அரசே பெற்றோர் என்ற பழைய சட்டக் கோட்பாட்டை அரசு தனக்கு ஆதாரமாகக் காட்டியது. ஆனால், அந்த ஆலைக்கு உரிமம் தந்ததும் அதைக் கண்காணிக்க வேண்டியிருந்ததும் அரசுத் துறைகளே. அரசுடைமை நிதி நிறுவனங்கள் யூனியன் கார்பைடின் இந்தியக் கிளையில் பங்குதாரர்களாகவும் இருந்தன. பாதிக்கப்பட்டோர் தாமே வழக்காடியிருந்தால், கேள்விக்கூண்டில் ஏற வேண்டியவர்களுள் அரசும் ஒன்று.

வழக்கு முதலில் நியூயார்க் சென்றது. இந்திய நீதிமன்றங்களுக்கு இத்தகைய பெருவழக்கை நடத்தும் ஆற்றல் இல்லை என்று இந்திய அரசே அங்கு வாதிட்டது. நமது நீதிமன்றங்களைப் புகழ்ந்து பேசியது கார்பைடு நிறுவனம்! 1986 மே 12 அன்று நீதிபதி கீனன் வழக்கை இந்தியாவுக்கே திருப்பி அனுப்பினார்.

அரசு கோரிய இழப்பீடு 330 கோடி டாலர். 1989 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தில் அரசும் நிறுவனமும் ஒப்புக்கொண்ட தொகை 47 கோடி டாலர், கேட்டதில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு. குற்றவியல் வழக்குகளும் அத்துடன் கைவிடப்பட்டன. இதில் சம்மதமா என்று போபாலில் ஒருவரிடமும் கேட்கவில்லை. அவர்களிடம் கேட்டிருக்க வேண்டும் என்பதை அதே ஆண்டு டிசம்பரில், அந்தச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தபோது, உச்ச நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது. ஆயினும் உடன்படிக்கை நிலைத்தது.

மக்கள் ஓயவில்லை. பாதிக்கப்பட்ட பெண்கள் அமைப்பாகத் திரண்டு போராடினர். 1991 அக்டோபரில் குற்றவியல் வழக்குகள் மீண்டும் உயிர்பெற்றன. தொகை மட்டும் மாறவில்லை.

அந்தத் தொகை சுமார் 3,000 பேர் இறந்தனர் என்ற கணக்கின் மேல் நின்றது. பின்னர் 5,000-க்கும் மேற்பட்ட மரணங்களுக்கு இழப்பீடு வழங்க வேண்டியதாயிற்று. இழப்பீடு பெற்றோர் 5 லட்சத்து 70 ஆயிரத்துக்கும் மேல். அவர்களுள் மிகப் பலருக்குக் கிடைத்தது 25,000 ரூபாய். பல ஆண்டுகள் கழித்து அதே அளவில் இன்னொரு தொகை. 1989இல் போதும் என்று ஒப்புக்கொண்ட அரசு, 2010இல் போதாது என்று மறுசீராய்வு மனுவுடன் நீதிமன்றம் சென்றது. 2023 மார்ச் 14 அன்று அரசியல் சாசன அமர்வு அம்மனுவைத் தள்ளுபடி செய்தது. போதும் என்றதும் போதாது என்றதும் ஒரே வாய். நுரையீரல் கெட்டவரின் வாய்க்கு இரண்டு முறையும் வேலையில்லை.

நம் கடமை

தோழர்களே, இது போபாலோடு முடிந்த கதை அன்று. இன்று ஓர் ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் இறந்தால், ஈமச் சடங்கு முடியுமுன்பே ஒப்பந்தக்காரரின் ஆள் ஒரு தாளை நீட்டுகிறார். சிறு தொகை, ‘இனிக் கோரிக்கை ஏதுமில்லை’ என்ற ஒரு வரி. 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டம் வகுத்த நெறி இதற்கு நேர் எதிரானது. மரணத்துக்கான இழப்பீட்டை ஆணையரிடம் செலுத்த வேண்டும் என்றது அச்சட்டம். குடும்பத்தாரிடம் நேரில் கொடுத்தது கணக்கில் சேராது. உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கும் ஒப்பந்தம் செல்லாது. ஒப்பந்தக்காரரைக் கைகாட்டி முதன்மை முதலாளி தப்பவும் முடியாது.

1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் தொழிலாளர், பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், தொழிற்பேரிடரில் பாதிக்கப்பட்டோர் ஆகியோருக்கு இலவச வழக்கறிஞரை உரிமையாக்கியுள்ளது. இதைக் குடும்பத்தாரிடம் எடுத்துச் சொல்ல முதல் நாளே சங்கத் தோழர் ஒருவர் அவ்வீட்டில் இருக்க வேண்டும். முதல் தகவல் அறிக்கை, உடற்கூறாய்வு அறிக்கை, வருகைப் பதிவு, கூலிச்சீட்டு ஆகியவற்றைச் சேகரித்து வைக்க வேண்டும். அந்தத் தாளில் கையெழுத்து விழாமல் தடுக்க வேண்டும்.

அதே வேளையில், போபால் தரும் எச்சரிக்கை நமக்கும் பொருந்தும். சங்கமானாலும் வழக்கறிஞரானாலும், பாதிக்கப்பட்டவரின் இடத்தில் நிற்க நமக்கு உரிமையில்லை. என்ன கேட்கப்படுகிறது, என்ன தர முன்வந்துள்ளார்கள் என்பதை அவருடைய மொழியில் விளக்கி, ஏற்பதா மறுப்பதா என்ற முடிவை அவரிடமே விட வேண்டும். அவர் பக்கத்தில் நிற்பதே நம் வேலை.