அணியில் யாருக்கு இடம்?

(நூற்றாண்டு நிறைவையொட்டி மருதானையில் நடைபெற்ற பழைய மாணவியர் ஒன்றுகூடலில், மருத்துவரான பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பெண்களின் ஆரோக்கியம் பற்றிப் பேசும்படி செயலாளர் கேட்டிருந்தார். சீனி, பிரஷர், முழங்கால் நோ என்று தொடங்கினால் வெளியே தயாராகிக்கொண்டிருக்கும் மத்தியானச் சாப்பாட்டை நீங்கள் நிம்மதியாகச் சாப்பிட மாட்டீர்கள். ஆகவே வேறு பக்கத்தால் வருகிறேன். நூற்றாண்டுத் திட்டங்களில் ஒன்றாக, நம் வலைப்பந்தாட்ட அணி வெளிமாவட்டப் போட்டிகளுக்குப் போய்வர ஒரு பயண நிதியம் தொடங்கச் சங்கம் தீர்மானித்திருக்கிறது. மிக நல்ல தீர்மானம். அந்த நிதியம் எந்தப் பிள்ளைகளை வானில் ஏற்றப்போகிறது, எந்தப் பிள்ளைகளை வாசலில் விட்டுப்போகப் போகிறது என்பதுதான் இன்று என் பேச்சு.

வலைப்பந்தாட்டம் நமக்குப் புதிதல்ல. நாட்டுக்கு நாடு வேறுபட்டிருந்த அதன் விதிகளை ஒன்றாக்கி, சர்வதேச சம்மேளனத்தை அமைத்த கூட்டம் 1960இல் நடந்தது நம் இலங்கையில்தான். 1963இல் இங்கிலாந்தின் ஈஸ்ட்போர்னில் முதலாவது உலகப் போட்டி நடந்தபோது இலங்கை அணியும் ஆடியது. 2009, 2018, 2022 ஆகிய ஆண்டுகளில் ஆசியக் கிண்ணம் நம்மிடம் வந்தது. தர்ஜினி சிவலிங்கத்தை அறியாத பிள்ளை இந்த மண்டபத்தில் இருக்காது. புன்னாலைக்கட்டுவனில் பிறந்து, யுத்தத்தால் இடம்பெயர்ந்து, கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படித்து, நாட்டின் அணிக்குத் தலைமை தாங்கியவர். உயரம் 208 சென்ரிமீற்றர். அதாவது 6 அடி 10 அங்குலம்.

தர்ஜினியால் நம் பாடசாலைகளுக்கு வந்த பெரிய நன்மை, உயரமான பிள்ளையைக் கேலி செய்வது குறைந்தது. கூடவே ஒரு சிறிய தொல்லையும் வந்தது. தரம் 6இல் சேரும் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, உயரமானவர்களை ஒரு பக்கம் எடுத்துவிட்டு, "மற்றப் பிள்ளைகள் வகுப்புக்குப் போகலாம்" என்று சொல்லும் வழக்கம் பல இடங்களில் உண்டு. மருத்துவராக இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

பெண்பிள்ளை மிக வேகமாக வளரும் காலம் பொதுவாகப் பன்னிரண்டு வயதை ஒட்டியது. சிலருக்கு அது பத்தரை வயதில் வரும், சிலருக்குப் பதின்மூன்றரையில் வரும். இரண்டும் இயல்புதான். பெரியபிள்ளையான பிறகு பெரும்பாலானோர் இன்னும் இரண்டு மூன்று அங்குலமே வளர்வார்கள். ஆகவே பதினொரு வயதில் வகுப்பிலேயே உயரமாக நிற்பவள் பதினெட்டு வயதிலும் உயரமாக இருப்பாள் என்று நிச்சயமில்லை. அவள் மற்றவர்களுக்கு முந்தி வளர்ந்தவளாக மட்டும் இருக்கலாம். அன்று வகுப்புக்குத் திருப்பி அனுப்பப்பட்ட குட்டைப்பிள்ளை மூன்று வருடத்தில் அவளைத் தாண்டிவிடலாம். ஆனால் அந்த மூன்று வருடமும் பந்தைத் தொடாதவளை யார் கூப்பிடப் போகிறார்கள்?

கனடாவில் றொஜர் பார்ன்ஸ்லி என்ற உளவியலாளரும் அவரது கூட்டாளிகளும் 1980களில் ஐஸ் ஹொக்கி வீரர்களின் பிறந்த திகதிகளைப் பார்த்தார்கள். சிறந்த இளைஞர் அணிகளில் ஜனவரி, பெப்ரவரி, மார்ச் மாதங்களில் பிறந்தவர்கள் அளவுக்கு மிஞ்சி இருந்தார்கள். சாத்திரக்காரர் யாரும் இதில் கிரக பலன் தேட வேண்டாம். அங்கே வயதுப்பிரிவு ஜனவரி 1ஐ வைத்துக் கணக்கிடப்பட்டது. ஜனவரியில் பிறந்த பையன் டிசம்பரில் பிறந்தவனைவிட ஏறக்குறைய ஒரு வயது மூத்தவன், அந்த அளவுக்குப் பெரியவன். அவனைக் கெட்டிக்காரன் என்று எடுத்தார்கள். எடுத்ததால் கூடுதல் பயிற்சி கிடைத்தது. பயிற்சி கிடைத்ததால் உண்மையிலேயே கெட்டிக்காரன் ஆனான். தெரிவு செய்தவர்கள் யாரும் அநியாயக்காரர்கள் அல்லர். கண்ணுக்குத் தெரிந்ததை வைத்துத் தெரிந்தார்கள், அவ்வளவுதான்.

இது உடம்பு சம்பந்தமான பாதி. மற்றப் பாதி வீடு சம்பந்தமானது. அதை இந்த மண்டபத்திலுள்ள எல்லோரும் அனுபவத்தால் அறிவீர்கள்.

நாங்கள் படித்த 1990களில் கொழும்பில் ஒரு தமிழ்ப் பிள்ளை வெளியூர் போவதென்றால் என்னவென்று தங்கைமாருக்குத் தெரியாது. அணியிலுள்ள பிள்ளைகளின் பெயர், முகவரி எல்லாம் சிங்களத்தில் எழுதி அதிபர் கையொப்பமிட்ட கடிதம் ஒன்று வானில் முன் ஆசனத்தில் இருக்கும். சோதனைச் சாவடிக்குச் சோதனைச் சாவடி இறங்கி ஏற வேண்டும். 1996 ஜனவரி 31ஆம் திகதி மத்திய வங்கியில் குண்டு வெடித்த பின் பல அப்பாமார் "விளையாட்டும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், இரண்டு மணிக்கு வீட்டுக்கு வா" என்று சொல்லிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அந்த வருடம் அணியில் இருந்தவர்கள் நன்றாக ஆடியவர்கள் என்பதைவிட, வீட்டில் விட்டவர்கள் என்பதே சரி. பன்னிரண்டாவது ஆளாக நானும் ஏறிக்கொண்டது அப்படித்தான். என் ஆட்டத்தைப் பார்த்தவர்கள் சிலர் முன்வரிசையில் இருந்து சிரிக்கிறார்கள். அதுவே போதிய சாட்சி.

சாவடிகள் போய்விட்டன. ஆனால் வேறு சாவடிகள் இருக்கின்றன. கொட்டாஞ்சேனையிலிருந்தும் மாளிகாவத்தையிலிருந்தும் தெமட்டகொடையிலிருந்தும் வெள்ளவத்தையிலிருந்தும் பிள்ளைகள் இங்கே வருகிறார்கள். செட்டியார் தெருவில் நகைப்பட்டறையில் வேலை செய்பவரின் மகளும் இருக்கிறாள், பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகக் கடையில் நிற்பவரின் மகளும் இருக்கிறாள். குருநாகலுக்கோ கண்டிக்கோ போவதென்றால் வான் காசு, சாப்பாட்டுக் காசு, ஒரு சோடிச் சப்பாத்து. அந்த மாதம் அது இல்லையென்றால் பிள்ளை வீட்டில் கேட்கவே மாட்டாள். "எனக்கு விருப்பமில்லை மிஸ்" என்று பொறுப்பாசிரியையிடம் சொல்லிவிடுவாள். சனிக்கிழமை ரியூசன் இன்னொரு சாவடி. பெரியபிள்ளையானால் "இனி ஓடித் திரியாதே" என்று சொல்லும் அம்மம்மா இன்னொரு சாவடி. முஸ்லிம் மாணவிகளுக்கு உடை. அவர்கள் கேட்பதெல்லாம் நீளக் காற்சட்டையும் தலை மறைப்பும்தான். உதைபந்தாட்டத்தில் 2014இலும் கூடைப்பந்தாட்டத்தில் 2017இலும் தலை மறைப்புக்கு உலக அளவில் அனுமதி கிடைத்துவிட்டது. நாம் அதற்காக ஒரு பிள்ளையையும் இழக்கத் தேவையில்லை.

இன்னொரு சாவடி கண்ணுக்குத் தெரியாதது. மைதானத்தில் இரண்டு சுற்று ஓடியதும் மூச்சுவாங்கி உட்காரும் பிள்ளையை நாங்கள் "சோம்பேறி" என்கிறோம். என்னிடம் அப்படி வரும் பிள்ளைகளுக்கு இரத்தம் சோதித்தால் பல தடவை இரும்புச்சத்துக் குறைவுதான் தெரிகிறது. மாதவிடாய் தொடங்கிய வயதில், காலையில் பிளேன்ரீயும் இரண்டு பிஸ்கட்டும் சாப்பிட்டு வருபவளுக்கு வேறு என்ன இருக்கும்? சில மாதம் இரும்புச்சத்து மாத்திரையும் ஒழுங்கான சாப்பாடும் கொடுத்தால் அதே பிள்ளை ஓடுவாள். ஆனால் அதற்குள் அணி தெரிவாகிவிடும்.

"ஒரு விளையாட்டுத்தானே, இதற்கு இவ்வளவா?" என்று நினைக்கலாம். இரண்டு காரணம் சொல்கிறேன். முதலாவது, சான்றிதழ். முதலாம் தரத்துக்குப் பிள்ளையைச் சேர்க்கும்போது, பழைய மாணவர் பிரிவில் பெற்றோரின் இணைப்பாடவிதானச் சாதனைகளுக்கும் புள்ளி உண்டு என்பது இங்குள்ள இளம் அம்மாமாருக்கு நன்றாகத் தெரியும். பன்னிரண்டு வயதில் வானில் இடம் கிடைக்காதவளின் இழப்பு அவளுடைய மகள்வரை போகிறது.

இரண்டாவது, உடம்பு. 146 நாடுகளின் 2016ஆம் ஆண்டுத் தரவுகளை வைத்து உலக சுகாதார நிறுவனத்தினர் பார்த்ததில், 11 முதல் 17 வயதுவரையான பெண்பிள்ளைகளில் 85 வீதமானோருக்கு நாளொன்றுக்குத் தேவையான ஒரு மணிநேர உடலசைவு இல்லை. பையன்களிலும் நிலைமை நல்லதல்ல, 78 வீதம். ஒரு பெண் தன் வாழ்நாளில் சேர்க்கும் எலும்பு வலுவில் ஏறக்குறைய 90 வீதத்தைப் பதினெட்டு வயதுக்குள் சேர்த்துவிடுகிறாள். அதன்பிறகு நாம் பெரும்பாலும் சேமிப்பைச் செலவழிப்பவர்கள். நாற்பது வயதில் முழங்கால் நோவோடும் சீனியோடும் என்னிடம் வரும் பெண்களிடம் நடக்கச் சொன்னால், "ஸ்கூலிலேயே ஒருநாளும் ஓடினதில்லை டொக்டர்" என்கிறார்கள். அவர்களும் ஒரு நாள் வரிசையில் நின்று, வகுப்புக்குத் திருப்பி அனுப்பப்பட்டவர்களாக இருக்கலாம்.

இப்போது உடற்கல்வி ஆசிரியையின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். அவருக்கு மைதானம் என்று இருப்பது கட்டடங்களுக்கு நடுவே ஒரு சீமெந்து முற்றம். வலயத்தில் வென்றால்தான் மாகாணம், மாகாணத்தில் வென்றால்தான் தேசியம். தோற்றுவந்தால் முதலில் கேள்வி கேட்பவர்கள் பழைய மாணவிகளாகிய நாங்கள்தான். கிண்ணம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பதினாறு வயதுக்கு மேல் சிறந்தவர்களைத் தெரிந்து அனுப்புங்கள். ஆட்டம் என்றால் அதுதான். நான் கேட்பது அதற்குக் கீழே உள்ளவர்களுக்காக.

நோர்வே நாட்டில் 1987இலிருந்து சிறுவர் விளையாட்டுக்கென்று தனி விதிகள் இருக்கின்றன. பதின்மூன்று வயதாகும் ஆண்டுவரை தேசியச் சம்பியன் போட்டி கிடையாது. அந்தச் சின்ன நாடு 2022 பீஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் 16 தங்கம் எடுத்து முதலிடம் பெற்றது. அந்த விதியால்தான் வென்றார்கள் என்று சொல்லமாட்டேன். அந்த விதி அவர்கள் வெல்வதைத் தடுக்கவில்லை என்று சொல்லலாம். மறுபக்கம் அமெரிக்காவைப் பாருங்கள். நம் எல்லேக்குத் தூரத்துச் சொந்தமான சொஃப்ட்போல் அங்கே பெண்பிள்ளைகளின் பெரிய விளையாட்டு. பாடசாலைக்கு வெளியே, பெற்றோர் காசு கட்டிச் சேர்க்கும் பயண அணிகள் ஊர் ஊராகப் போய் ஆடுகின்றன. காசு கட்ட முடியாத வீட்டுப் பிள்ளை எவ்வளவு நன்றாக அடித்தாலும் வெளியே நிற்க வேண்டியதுதான். நாம் தொடங்கும் பயண நிதியம் அந்தப் பக்கம் போய்விடக்கூடாது.

ஆகவே சங்கத்தின் முன் சில கோரிக்கைகளை வைக்கிறேன்.

முதலாவது, தரம் 8 வரை பயிற்சிக்கு ஒழுங்காக வரும் ஒவ்வொரு பிள்ளையும் ஆட வேண்டும். கணக்கைப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஏழு பேர், முழு ஆட்டம் நான்கு கால்பகுதி. மொத்தம் 28 இடம். பன்னிரண்டு பேருக்கும் இரண்டு கால்பகுதி வீதம் கொடுத்தால் 24. அதன்பிறகும் நாலு இடம் மிச்சம். இடைவேளைகளில் ஆள் மாற்ற விதியே இடம் தருகிறது. போட்டிக்குக் கூட்டிப்போய் ஒரு நிமிடமும் ஆடவிடாமல் தண்ணீர்ப் போத்தல் தூக்கவைத்துத் திருப்பிக் கூட்டிவருவதற்கு விதியில் ஒரு காரணமும் இல்லை.

இரண்டாவது, அணித் தெரிவு வருடத்துக்கு இரண்டு தடவை நடக்கட்டும். எதைப் பார்த்துத் தெரிகிறோம் என்பதை முன்கூட்டியே அறிவித்தல் பலகையில் போடுவோம். பிந்தி வளர்ந்தவள் திரும்பி வர ஒரு கதவு திறந்திருக்க வேண்டும்.

மூன்றாவது, நிதியத்தின் முதல் ரூபாய் கிண்ணத்துக்கோ புதிய மேலாடைக்கோ போகக்கூடாது. வானுக்கும் சாப்பாட்டுக்கும் சப்பாத்துக்கும் போக வேண்டும். அதுவும் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரேமாதிரி. "வசதியற்றவர்கள் பெயர் தரவும்" என்று வகுப்பில் கேட்டால் ஒருத்தியும் பெயர் தரமாட்டாள். இந்த வயதில் ரோசம் பசியைவிடப் பெரியது.

நான்காவது, பயணத்துக்குத் துணையாக நாங்கள் போக வேண்டும். தெரியாத ஊருக்கு மகளை விடாத அப்பா, "இந்த அக்காவும் கூடப் போகிறா" என்றால் பெரும்பாலும் விடுவார். வருடத்தில் ஒரு சனிக்கிழமையைத் தர நம்மில் இருபது பேர் இல்லையா?

ஐந்தாவது என் பொறுப்பு. நம்மில் மருத்துவர்கள், தாதியர் பலர் இருக்கிறோம். வருடத் தொடக்கத்தில் ஒரு நாள் வந்து, விளையாட விரும்பும் ஒவ்வொரு பிள்ளையின் உயரம், நிறை, இரத்தம் பார்த்து, குறை இருந்தால் வீட்டாருடன் பேசி மருந்து கொடுப்போம். இதற்காக மூன்று தோழிகளிடம் ஏற்கெனவே வாக்கு வாங்கிவிட்டேன். அவர்கள் இப்போது தப்ப முடியாது. பெயரைச் சொல்லாமல் விடுகிறேன்.

இந்தக் கல்லூரி தொடங்கிய காலத்தில் பெண்பிள்ளை படிக்கப் போவதா என்பதே கேள்வியாக இருந்தது. கெட்டிக்காரப் பிள்ளைகளை மட்டும் எடுப்போம் என்று அன்றைய பெரியவர்கள் நினைத்திருந்தால் இந்த மண்டபத்தில் பாதிக் கதிரை வெறுமையாக இருந்திருக்கும். வந்த எல்லோரையும் உட்காரவைத்தார்கள். வகுப்பறைக்கு அவர்கள் செய்ததை மைதானத்துக்கு நாங்கள் செய்வோம்.

நிதியத்தின் விதிமுறைகள் அடுத்த பொதுக்கூட்டத்தில் வாக்கெடுப்புக்கு வருகின்றன. அன்று எல்லோரும் வாருங்கள். கூட்டம் நீண்டுவிடும் என்று பயந்து வீட்டில் நிற்க வேண்டாம். சாப்பாடு தயார் என்று தலைவி சைகை காட்டுகிறார்.