ஆசிரியர் தொழிலும் சுயாதீனமும்

(தொண்டைமானாற்றில் நடைபெற்ற ஆசிரியர் கூட்டமொன்றில் ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர் ஒருவர் நிகழ்த்திய உரை)



கூட்டத்துக்கு வரும் வழியில் சந்நிதி முருகனை வணங்கிவிட்டுத் தடுப்பணையருகே சிறிது நேரம் நின்றேன். 1950களின் முற்பகுதியில், கடல்நீர் உள்ளே ஏறாமலும் மாரிநீர் வீணாகாமலும் வடமராட்சி நீரேரியை நன்னீராக்கலாம் என்ற நோக்கத்தோடு அமைக்கப்பட்ட அணை அது. அக்காலத்தில் மரப்பலகைகளை இறக்கியும் ஏற்றியுமே நீரைக் கட்டுப்படுத்தினர். பலகையை எப்போது ஏற்றுவது? மழைவெள்ளம் வயலை மூடுமுன் ஏற்ற வேண்டும். உவர்நீர் திரும்பிப் பாயுமுன் இறக்க வேண்டும். கரையில் நின்று நீரைப் பார்ப்பவனுக்கே அந்த வேளை தெரியும். கொழும்பிலிருந்து கட்டளை வந்து சேரும் வரை வெள்ளம் காத்திருக்குமா? இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளும் அந்தப் பலகையைப் பற்றியதுதான்.

நமது சங்கங்கள் சம்பளத்துக்காகப் போராடியிருக்கின்றன. 2021ஆம் ஆண்டு யூலை மாதம் தொடக்கம் ஒக்டோபர் மாதம் வரை இந்நாட்டு ஆசிரியரும் அதிபரும் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகி நின்று சம்பள முரண்பாட்டைத் தீர்க்கக் கோரினர். அப்போராட்டம் நியாயமானது, அதை நான் ஆதரித்தேன், இன்றும் ஆதரிக்கின்றேன். ஆனால் எந்தப் பாடத்தை எந்த முறையில் எவ்வளவு காலம் கற்பிப்பது என்று தீர்மானிக்கும் உரிமை எங்கே போயிற்று என்று கேட்டு ஒரு துண்டுப்பிரசுரமேனும் வெளிவந்ததா? நான் காணவில்லை. கூலியைக் கேட்பவன் தொழிலாளி; கூலியோடு தன் தொழிலின் தீர்ப்பையும் தன் கையில் கேட்பவன் தொழில் வல்லவன்.

இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கின்றது வல்வெட்டித்துறை. அங்கே கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பலை றொபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கினார். அக்கப்பல் 1938ஆம் ஆண்டு அத்திலாந்திக் சமுத்திரத்தைத் தாண்டி அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. வல்வை மாலுமிகளும் அதில் சென்றனர். அதைக் கட்டிய ஓடாவிமார் பொறியியற் பட்டம் பெற்றவர்களல்லர். எந்த மரம் எந்த வளைவுக்கு உதவும், எந்தப் பலகை நீரில் வீங்கி இறுகும் என்பது அவர்கள் கண்ணிலும் கையிலும் இருந்தது. கப்பலுக்கு உடையவன் செட்டியாராயினும் முதலாளியாராயினும், புயற்காலத்தில் பாயை இறக்குவதா விடுவதா என்ற முடிவு தண்டையலுடையது. உடையவன் அந்த முடிவிற் கைவைத்தால் நட்டம் அவனுக்கே என்பதை எல்லாரும் அறிந்திருந்தனர். தண்டையலுக்கு நாம் மறுக்காத மரியாதையை ஆசிரியனுக்கு மாத்திரம் ஏன் மறுக்கின்றோம்?

பழைய காலத்தைப் பொற்காலமென்று நான் சொல்ல வரவில்லை. மிசன் பாடசாலைகளிலும் சைவப் பாடசாலைகளிலும் மனேஜரின் தயவிலே உபாத்தியாயர் வாழ்ந்த காலம் அது. மனேஜர் முகங்கோணினால் வேலை போகும். அதனாலேயே 1960ஆம் 1961ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் உதவி பெற்ற பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றபோது, சமயத் தலைவர்கள் கொதித்தெழுந்த வேளையிலும் ஆசிரியரிற் பலர் உள்ளூர மகிழ்ந்தனர். வேலைக்குப் பாதுகாப்பு வந்தது. ஆயினும் ஒரு மனேஜருக்குப் பதிலாகப் பல மனேஜர்கள் வந்ததை நாம் பின்னரே கண்டோம். பாடத்திட்டம் ஓரிடத்தில், பாடநூல் இன்னோரிடத்தில், சுற்றுநிருபம் மற்றோரிடத்தில். வகுப்பில் நிற்பவர் மாத்திரம் எவ்விடத்திலும் கேட்கப்படவில்லை.

இன்னொரு பக்கத்தையும் மறைக்காமற் சொல்ல வேண்டும். 1930ஆம் ஆண்டளவில், எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் பாடசாலையிற் சம ஆசனம் அளிக்க வேண்டுமென்று அரசாங்கம் விதித்தபோது, யாழ்ப்பாணத்திலே அதை எதிர்த்தவர்களும் 'எங்கள் பாடசாலை, எங்கள் உரிமை' என்றே கூவினார்கள். சில பாடசாலைகள் தீக்கிரையாயின. ஒரு பிள்ளையை நிலத்தில் இருத்துவதற்குச் சுயாதீனம் என்று பெயர் சூட்டியவர்கள் நம்மவர்களே. ஆகவே யாரைச் சேர்ப்பது, யாரை எங்கே இருத்துவது என்பதில் ஆசிரியனுக்கோ ஊருக்கோ சுயாதீனம் கிடையாது; அது சட்டத்தின் இடம். எப்படிக் கற்பிப்பது, கற்றதை எப்படி அளப்பது என்பதே ஆசிரியனின் இடம். இந்த எல்லையை நாமே தெளிவாக வகுத்துச் சொல்லாவிட்டால், நமது கோரிக்கையைக் கேட்பவர்கள் பழைய தீயின் புகையைத்தான் நினைப்பார்கள்.

இனி இவ்வூரின் பெருமைக்கு வருகின்றேன். தொண்டைமானாறு என்றால் பக்தருக்குச் சந்நிதி. உயர்தர வகுப்பு மாணவருக்கோ வெளிக்கள நிலையம். யாழ்ப்பாணத்தில் மாத்திரமல்ல, வடக்குக்கு வெளியேயும் தமிழ் மொழியிற் கற்கும் மாணவர் இந்நிலையத்தின் வினாத்தாளைத் தேடிச் செய்து பார்க்கின்றனர். அரசாங்கப் பரீட்சைக்கு முன் தம்மை அளந்து கொள்ளும் கோல் அது. அந்தக் கோலைச் செய்தவர் யார்? கற்பிக்கும் ஆசிரியரே.

வினாத்தாள் எழுதுவதை எளிய காரியமென்று வெளியே நிற்பவர்கள் நினைக்கின்றார்கள். ஒருவர் இரவிருந்து ஒரு பௌதிகக் கணக்கை ஆக்குகின்றார். மற்றவர் அதைச் செய்து பார்த்து, 'உராய்வைப் பற்றி நீர் ஒன்றும் சொல்லவில்லையே. கெட்டிக்காரப் பிள்ளை இதில்தான் தடக்குப்படும்' என்கின்றார். மூன்றாமவர் 'சீராக' என்ற ஒரு சொல்லுக்காக அரைமணி நேரம் வாதாடுகின்றார். கோபமும் வருகின்றது, தேநீரும் ஆறுகின்றது. இறுதியில் வினா திருந்துகின்றது. பெரியோர்களே, சுயாதீனம் என்று நான் சொல்வது இதைத்தான்! அவரவர் விருப்பப்படி நடப்பதல்ல அது. மேலதிகாரியின் கையொப்பத்துக்கு அஞ்சாமல், தன்னோடு ஒத்த அறிவுடைய தோழனின் கேள்விக்கு அஞ்சுவது. வகுப்பிலே பிழைவிட்டால் அறிவது நாற்பது பிள்ளைகள். இத்தாளிலே பிழைவிட்டால் அறிவது நாடு.

போர்க்காலத்தை இங்குள்ள மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் இல்லை. ஜாம் போத்தல் விளக்கிலே பிள்ளைகள் படித்தனர். செய்தித்தாள்கள் அப்பியாசக் கொப்பித் தாளிலே அச்சாயின. அக்காலத்திலும் யாழ்ப்பாணத்து ஆசிரியர்கள் பாடம் நடத்தினார்கள், வினா எழுதினார்கள், விடைத்தாள் திருத்தினார்கள். எந்தச் சுற்றுநிருபம் அவர்களை அப்படிச் செய்யச் சொல்லிற்று?

என் அநுபவம் ஒன்று. பல வருடங்களுக்கு முன், நான் கற்பித்த பாடசாலையொன்றில், விலங்கியல் மாணவரை நீரேரிக் கரைக்கு அழைத்துச் சென்றேன். கண்டல் மரத்தின் மூச்சுவேரைப் படத்தில் மாத்திரம் கண்ட பிள்ளைகள் சேற்றிலே இறங்கித் தொட்டுப் பார்த்தனர். மறுவாரம் என்னிடம் விளக்கம் கேட்கப்பட்டது. பாடக்குறிப்புப் புத்தகத்தில் அன்றைக்கு வேறு அலகு எழுதப்பட்டிருந்ததாம்! பிள்ளைகள் என்ன கற்றார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் எதிர்த்துப் பேசவில்லை. மன்னிப்பு எழுதிக் கொடுத்தேன். அது என் குறை. அதன்பின் இரண்டு வருடம் நான் ஒருவரையும் கரைக்கு அழைத்துச் செல்லவில்லை என்பதையும் வெட்கத்தோடு சொல்கின்றேன். இங்கிலாந்திலே 1943ஆம் ஆண்டிலிருந்து வெளிக்களக் கல்விக்கென்றே ஓர் அமைப்பு இயங்குகின்றது. நீரும் சேறும் அங்கே பாடத்தின் பகுதி. இங்கே அது விளக்கம் கேட்க வேண்டிய குற்றமாகிவிட்டது.

1966ஆம் ஆண்டு ஒக்டோபர் 5ஆந் திகதி பரிசு நகரில், ஆசிரியரின் அந்தஸ்து பற்றிய சிபார்சு ஒன்று ஏற்றுக்கொள்ளப்பட்டது. சர்வதேசத் தொழில் ஸ்தாபனமும் யுனெஸ்கோவும் சேர்ந்து ஆக்கிய சிபார்சு அது. கற்பித்தல் முறைகளையும் சாதனங்களையும் தெரிவதில், பாடநூல் தேர்வில், ஆசிரியருக்கு முக்கிய பங்கு உண்டென்று அது கூறுகின்றது. அந்நாளையே உலகம் ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகின்றது. நாமும் கொண்டாடுகின்றோம், மறுநாள், மாலையும் கேக்கும் வைத்து! சிபார்சை வாசித்தவர்கள் கையை உயர்த்தும்படி கேட்டால் இம்மண்டபத்தில் எத்தனை கை உயரும் என்று எனக்குச் சந்தேகம்.

ஒரு கசப்பான வார்த்தையையும் பொறுத்துக் கொள்ளுங்கள். காலையில் வகுப்பிலே அரைவாசி சொல்லி, மாலையில் ரியூட்டறியில் மீதியைக் காசுக்குச் சொல்லும் ஆசிரியர் நம்மிடையே உளர். அவரும் சுயாதீனம் பேசுகின்றார். அவரைப் பற்றி நாமே பேசாதிருந்தால், அதிகாரி வந்து பேசுவார். அப்போது அவர் கொண்டுவரும் கயிறு அந்த ஒருவரை மாத்திரம் கட்டாது, நம் எல்லாரையும் சேர்த்துக் கட்டும். தம் தொழிலில் தவறியவரை விசாரிக்கும் உரிமையும் கடமையும் வைத்தியருக்கு உண்டு, வழக்கறிஞருக்கு உண்டு. நமக்கு இல்லை. நாம் கேட்டதும் இல்லை.

ஆதலால் இக்கூட்டத்திலே ஒரு சிறு காரியத்தைத் தொடங்கலாம் என்று வேண்டுகின்றேன். வினாத்தாள் ஆக்குவோரிடையே நகரத்துப் பெரிய கல்லூரிகளின் ஆசிரியர் மாத்திரம் இருந்தாற் போதாது. ஆய்வுகூடம் இல்லாத பாடசாலையில், ஒற்றை விஞ்ஞான ஆசிரியராக நின்று உழைப்பவரையும் அழைத்து வாருங்கள். வன்னியிலிருந்தும் மன்னாரிலிருந்தும் தீவகத்திலிருந்தும் அழையுங்கள். 'இந்த வினாவுக்குரிய கருவியை என் பிள்ளைகள் கண்டதே இல்லை' என்று அவர் மேசையிலே சொல்லட்டும். மற்றவர்கள் பதில் சொல்லட்டும். அவருடைய பஸ் செலவுக்கு முதற் சந்தாவாக என் ஓய்வூதியத்திலிருந்து ஒரு தொகையைத் தலைவர் அவர்களிடம் இப்போதே ஒப்படைக்கின்றேன். பெயர்ப்பட்டியலை இன்று மாலையே எழுதலாம். கொப்பியும் பேனாவும் வாசலருகே மேசையில் இருக்கின்றன.