அறையைப் பகிர்ந்து வாழும் பிள்ளைகள்



பிள்ளைக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது என்ற செய்தி வந்ததும் நாம் என்னென்ன செய்கிறோம்? பிடிபிடிஎன் கடனுக்கு மனுச் செய்கிறோம். வாளி, போர்வை, ஊறுகாய்ப் போத்தல் எல்லாம் வாங்கிக் கட்டி அனுப்புகிறோம். ஆனால், முன்பின் அறியாத ஒருவரோடு ஓர் அறையில் எப்படி வாழ்வது என்பதை மட்டும் சொல்லி அனுப்ப மறந்துவிடுகிறோம்.

நமக்குத் தெரிந்த தோட்டத்துக் குடும்பம் ஒன்றில் நடந்தது இது. மகள் விடுதிக்குப் போய் 2 வாரம்கூட ஆகவில்லை. "அம்மா, எனக்கு இங்கே வேண்டாம், வீட்டுக்கே வந்துவிடுகிறேன்" என்று தொலைபேசியில் அழுதாள். பாடம் கடினமோ என்று தாய் பயந்துவிட்டார். அதுவன்று. அறைத்தோழியான சீனப்பெண் இரவு 2 மணிவரை விளக்கைப் போட்டுக்கொண்டு படிக்கிறாள். இவளுக்கு உறக்கமில்லை. அதை அந்தப் பெண்ணிடம் சொன்னாயா என்று தாய் கேட்டார். மகளிடமிருந்து பதில் இல்லை. சொல்லாத ஒரு வார்த்தைக்காகப் பட்டப்படிப்பே கைநழுவ இருந்தது.

கூடி வாழ்வது நமக்குப் புதிதா? லயத்து வீட்டில் பிறந்தவர்களுக்கு அது பழகிப்போன ஒன்று. ஒரே கூரை, நடுவே பலகைச் சுவர், பொதுக் குழாயடி. பக்கத்து வீட்டு வானொலியையே நாமும் கேட்டோம். ஆனால் அங்கே எல்லாரும் பெரட்டுக்கு ஒரே நேரத்தில் எழுந்தார்கள். ஒரே நேரத்தில் படுத்தார்கள். அதனால் பேசி முடிவு செய்ய அதிகம் இருக்கவில்லை.

விடுதி அப்படியன்று. அறைத்தோழர் கிளந்தானிலிருந்து வந்த மலாய்க்காரராக இருக்கலாம். ஈப்போவிலிருந்து வந்த சீனராக இருக்கலாம். சரவாக்கைச் சேர்ந்த ஈபானாகவும் இருக்கலாம். உறங்கும் நேரம் வேறு, உணவு வேறு, வழிபாடு வேறு. இங்கே மௌனம் உதவாது; பேச்சுதான் உதவும்.

ஆகவே, முதல் நாள் இரவே நான்கு செய்திகளைப் பேசிக்கொள்ளச் சொல்லுங்கள். விளக்கை எப்போது அணைப்பது? அறையை யார் எந்த நாளில் கூட்டுவது? எந்தப் பொருளைக் கேட்காமல் எடுக்கக்கூடாது? நண்பர்களை எந்த நேரம்வரை அழைத்து வரலாம்? மலாய்மொழி சரளமாக வராவிட்டாலும் குற்றமில்லை. சிரித்த முகத்தோடு நாலு வார்த்தை பேசினால் போதும்.

உணவிலும் சமயத்திலும் கூடுதல் கவனம் வேண்டும். முஸ்லிம் தோழரின் தட்டையோ பாத்திரத்தையோ கேட்காமல் எடுத்துப் புழங்கக்கூடாது. நோன்பு மாதத்தில் விடியுமுன் சாவூர் உண்ண அவர் எழுவார். அதற்கு முகம் சுளிக்கலாகாது. நாம் மாட்டிறைச்சி உண்பதில்லை என்றால் அதையும் முன்கூட்டியே தன்மையாகச் சொல்லிவிடலாம். அறையில் விளக்கேற்றவோ ஊதுவத்தி கொளுத்தவோ விடுதி விதி இடம் தருகிறதா என்று கேட்டுக்கொள்வதும் அவசியம்.

எல்லாவற்றையும் பொறுத்துப் போகச் சொல்கிறோமா? இல்லை. திருட்டு, மிரட்டல், இனத்தையோ சமயத்தையோ இழிவாகப் பேசுதல் ஆகியவற்றைப் பொறுத்துக்கொள்ளக்கூடாது. விடுதியில் ஃபெலோ என்னும் பொறுப்பாளர் இருப்பார். அவரிடம் உடனே தெரிவிக்க வேண்டும். ஈரத்துண்டு கட்டிலில் கிடந்தது, செருப்பு வழியில் கிடந்தது போன்ற சிறு தொல்லைகளை இருவரும் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளலாம்.

அந்தப் பெண்ணின் கதைக்கு வருவோம். "இன்றைக்கே அவளிடம் பேசு, பேசிவிட்டு எனக்குச் சொல்" என்றார் தாய். மகள் பேசினாள். அப்போதுதான் அறைத்தோழிக்கும் ஒரு மனக்குறை இருந்தது தெரிந்தது. தோட்டத்துப் பழக்கப்படி நம் பெண் காலை 5 மணிக்குக் கடிகார மணி வைத்திருந்தாள். அது அலறும்போது, 2 மணிக்குப் படுத்த அந்தப் பெண்ணும் விழித்துக்கொள்வாள். அவளும் வாய் திறக்காமல்தான் இருந்தாள். மறுநாள் அவள் ஒரு சிறு மேசைவிளக்கு வாங்கினாள். இவள் கடிகாரத்தை விட்டுவிட்டுக் கைத்தொலைபேசியை அதிர்வில் வைத்துத் தலையணைக்கு அருகில் வைத்துக்கொண்டாள். அந்த ஆண்டுத் தீபாவளிக்குத் தோழி தோட்டத்துக்கே வந்து முறுக்குச் சுற்றினாள்.

பெற்றோர்களே, பிள்ளை அழுது பேசினால் உடனே பேருந்துக்குப் பணம் அனுப்பிவிடாதீர்கள், திட்டவும் செய்யாதீர்கள். முழுவதையும் கேளுங்கள். பிறகு, "நீ அவரிடம் சொன்னாயா?" என்று கேளுங்கள். "அவருக்கு உன்னால் ஏதும் தொல்லை உண்டா?" என்றும் சேர்த்துக் கேளுங்கள். அந்த இரண்டு கேள்விகளும் பிள்ளையின் படிப்பைக் காப்பாற்றக்கூடும்.